'வுமன் டாக்கிங்' படத்தை நம் ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படம் முடிந்ததும் "உங்கள்ல யாருக்காவது இப்படி நடந்திருக்கா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டுக் கூடத்தில் பதினாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டும் முதுகு சாய்த்துக்கொண்டும் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "கன்னுக்குட்டி அவுந்திருக்கும், பாத்துட்டு வர்றேன்" என்று எழுந்து போனார். அவர் வீட்டில் மாடே கிடையாது.

அதற்கப்புறம் இந்தப் படத்தை இன்னும் சில இடங்களில் போட்டிருக்கிறேன், திருத்துறைப்பூண்டிப் பக்கம், வலங்கைமான் பக்கம், நாகைக் கடற்கரையில் ஒரு குப்பத்தில். எது நடக்கும், எது நடக்காது என்று கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. மகளிர் குழு நடத்துகிறவர்கள், ஆசிரியைகள், சும்மா நாலு பேரைக் கூட்டி வைத்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறவர்கள், யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

படத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இவ்வளவுதான். 2022-ல் வந்தது, கனடாக்காரர் சாரா பாலி எடுத்தது, 104 நிமிடம். மிரியம் டேவ்ஸ் 2018-ல் எழுதிய நாவல்தான் மூலம். தழுவிய திரைக்கதைக்கான ஆஸ்கர் 2023-ல் இதற்குத்தான் கிடைத்தது. நாவலுக்குப் பின்னால் ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது. பொலிவியா நாட்டில் மானிடோபா காலனி என்று மெனோனைட் கிறிஸ்தவர்களின் குடியிருப்பு. வெளியுலகத்தை ஒதுக்கி, குதிரை வண்டியும் விவசாயமுமாக வாழ்கிறவர்கள். 2005 முதல் 2009 வரை அங்கே பெண்கள் காலையில் எழுந்தால் தலை பாறையாகக் கனக்கும், உடம்பெல்லாம் காயம், படுக்கையில் ரத்தம், ராத்திரி என்ன நடந்தது என்று ஒன்றுமே நினைவு இருக்காது. பேய் என்றார்கள், சாத்தான் என்றார்கள், பொம்பளைகளின் கற்பனை என்றார்கள். கடைசியில் பார்த்தால், கால்நடைகளுக்குக் கொடுக்கும் மயக்க மருந்தை ராத்திரியில் வீட்டுக்குள் தெளித்துவிட்டு உள்ளே வந்தவர்கள் அதே ஊர் ஆண்கள், சொந்தக்காரர்கள் உட்பட. 2011-ல் ஏழு பேருக்கு 25 வருடமும், மருந்து கொடுத்த ஆளுக்கு 12 வருடமும் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

படம் தீர்ப்பு வரைக்கும் போகாது, அந்த ஆண்கள் பிடிபட்டதும் தொடங்குகிறது. பிடிபட்டவர்களை ஜாமீனில் எடுக்க மற்ற ஆண்கள் டவுனுக்குப் போயிருக்கிறார்கள், திரும்பி வருவதற்குள் பெண்கள் அவர்களை மன்னித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஊரை விட்டு, சொர்க்கத்தை விட்டு விலக்கு. கையில் இருப்பது இரண்டு நாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்கள் மூன்று படங்களுக்குக் கீழே பெருக்கல் குறி போட்டு ஓட்டுப் போடுகிறார்கள்: ஒன்றும் செய்யாமல் இருப்பது, இங்கேயே இருந்து சண்டை போடுவது, ஊரை விட்டுப் போவது. கடைசி இரண்டுக்கும் சமமாக ஓட்டு விழுந்துவிடுகிறது. அதனால் மூன்று குடும்பத்துப் பெண்கள் வைக்கோல் பரணில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டியதாகிறது. அந்தப் பேச்சுதான் படம்.

இதை நான் நாலைந்து தடவை பார்த்த பிறகுதான் கவனித்தேன், முதல் தடவையே கவனித்திருந்தால் அந்தப் பெரியம்மாவை எழுந்து போக வைத்திருக்க மாட்டேன். அந்தப் பரணில் உட்கார்ந்திருக்கும் யாரும் "உனக்கு என்ன நடந்தது, சொல்லு" என்று இன்னொருத்தியைக் கேட்பதில்லை. நடந்தது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கேட்டுக்கொள்வதெல்லாம் "இனி என்ன செய்யப் போறோம்" என்பதுதான். நம் ஊரில் ஒப்பாரி வைக்கும் இடத்தில் பார்த்திருப்பீர்கள், ஒருத்தியின் தோளை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழும்போது, செத்தவருக்காக ஆரம்பித்தது எப்போது தன் துக்கமாக மாறியது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். படமும் அப்படி ஓர் இழவு வீடாக இருக்க வேண்டும். அடுத்தவள் கதையின் நிழலில் உட்கார்ந்து அவரவர் தன்னதைப் பேசிக்கொள்ளலாம், பேசாமலும் இருக்கலாம். கூட்டி வைக்கிற நாம் செய்ய வேண்டியது அந்த நிழலைக் கலைக்காமல் இருப்பதுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

எப்போது வைப்பது? நடவு சமயத்தில் வைக்காதீர்கள், அறுப்பிலும் வேண்டாம். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்துவிட்டால் குறுவைப் பகுதிகளில் யாரும் கைக்கு அகப்பட மாட்டார்கள். தை, மாசியில் சம்பா அறுப்பு, பங்குனியில் உளுந்து, பயறு. சித்திரைக் கடைசியிலிருந்து வைகாசி முழுக்க நல்ல நேரம், கோடை வெயிலில் எப்படியும் வெளியே தலை காட்ட முடியாது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் நாலரை மணிக்குள் முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் பால் கறக்கணும், தண்ணி பிடிக்கணும் என்று மனசு வீட்டுக்குப் போய்விடும். அதனால் படத்தை இரண்டு மத்தியானமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கதையும் இரண்டு நாள்தான் நடக்கிறது, பொருத்தமாகவே இருக்கும். நடுவில் ஒரு ராத்திரி கிடைக்கிறது பாருங்கள், அது பெரிய விஷயம், முதல் நாள் வாயே திறக்காதவர்கள் மறுநாள் வரும்போது ஏதோ ஒன்றை யோசித்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

இடம், யாராவது ஒருவர் வீட்டுக் கூடம். சமுதாயக் கூடம் வேண்டாம், ஜன்னல் பெரிசு, எட்டிப் பார்ப்பார்கள். பொது இடத்தில் நோட்டீஸ் ஒட்டிப் படம் காட்டுவது என்றால் உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். வீட்டுக்குள் வேண்டியவர்களோடு, காசு கொடுத்து முறையாக வாங்கிய படத்தைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மத்தியான வெளிச்சத்தில் புரொஜெக்டர் எடுபடாது, பெரிய டிவி இருக்கிற வீடாகப் பாருங்கள், இன்வெர்ட்டர் இருந்தால் இன்னும் நல்லது. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், பதினாறே எனக்கு அதிகமாகத்தான் இருந்தது. ஒருத்தர் மட்டும் படம் பார்க்காமல் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்காரட்டும். ஏற்கெனவே கதை தெரிந்த, வாய் சாமர்த்தியமுள்ள ஒரு அத்தையாக இருந்தால் நல்லது. "என்ன இங்க கூட்டம்?" என்று வருகிற ஆண்களை அங்கேயே பேசி அனுப்புவது அவர் வேலை. போன்களை ஒரு முறத்தில் வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். குழு அறிக்கைக்குப் போட்டோ வேண்டும் என்று யாராவது கேட்டால், முகம் தெரியாமல் வாசலில் கிடக்கிற செருப்புகளைப் படம் எடுத்துக் கொடுங்கள், போதும்.

யார் யார் வருகிறார்கள் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள், இது ரொம்ப முக்கியம். நம் பக்கத்தில் ஊர் முழுக்கச் சேர்ந்து சுமக்கிற துக்கங்கள் நிறைய. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி குடிசையோடு எரிந்துபோன 44 பேரில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். 2004-ல் ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள், டிசம்பரில் சுனாமி. இந்தப் படத்தில் நாலு வயசுப் பிள்ளைக்கு நடந்ததைக் கேட்டுக் கொதித்து எழும் தாய் ஒருத்தி இருக்கிறாள், அந்த இடத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா யாராவது உட்கார்ந்திருந்தால் அவருக்கு அது வேறு மாதிரி போய் இறங்கும். நாகைக் குப்பத்தில் அதைத்தான் பார்த்தேன், படம் ஆண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, பேச்சு கடலைப் பற்றிப் போனது. நான் தடுக்கவில்லை. தடுக்கவும் கூடாது. ஆனால் முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டு, "கதையில இப்படி ஒரு இடம் வரும்க்கா, அப்ப எழுந்து டீ போடப் போறதுன்னா போங்க" என்று சொல்லி வைக்கலாம். முதல் தடவை பெரியவர்களை மட்டும் கூப்பிடுங்கள், பதினெட்டு ஆகாத பிள்ளைகள் வேண்டாம்.

இன்னொன்று, தெரு. மேலத்தெருப் பெண்களும் காலனிப் பெண்களும் ஒரே கூடத்தில் உட்காருவது நம் ஊரில் இன்னும் எல்லா வீட்டிலும் நடந்துவிடாது. யார் வீட்டில் வைக்கிறீர்கள் என்பதே யார் பேசுவார்கள் என்பதை முடிவு செய்துவிடும். கூலிக்குப் போகிற பெண், தன் மேல் கை வைத்தவனின் வீட்டம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவாள்? சேர்த்து வைப்பதுதான் நல்லது என்று ஆசைப்பட்டு நான் ஒரு தடவை செய்து பார்த்தேன், காலனியிலிருந்து வந்த நாலு பேரும் இரண்டு நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது முதல் தடவை தனித்தனியாகத்தான் வைக்கிறேன்.

மொழிக்கு வருவோம், இதில்தான் உழைப்பு. படம் ஆங்கிலம். எழுத்தைப் படித்துக்கொண்டே பார்ப்பது நம் அப்பாயிகளுக்கு ஆகாது, ஓடுகிற வேகத்துக்கு எனக்கே ஆகாது. நாம்தான் சொல்ல வேண்டும். தயங்காதீர்கள், அந்த உண்மையான பெண்கள் பேசியதும் ஆங்கிலம் இல்லை, பழைய ஜெர்மன் வட்டார மொழி ஒன்று, நாவலே அதைக் கேட்டு ஒருவர் மொழிபெயர்த்து எழுதிவைத்த கூட்டக் குறிப்பாகத்தான் இருக்கும். படத்தை நீங்கள் முன்னால் மூன்று தடவை பார்த்து, ஒரு கோடு போட்ட நோட்டில் காட்சி காட்சியாக நம் பேச்சில் எழுதிக்கொள்ளுங்கள். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாலைந்து நிமிடம் ஓட விடுங்கள், முகத்தைப் பார்க்கட்டும், குரலைக் கேட்கட்டும், அப்புறம் நிறுத்தி, பேசினதைச் சொல்லுங்கள். நடிக்க வேண்டாம், பக்கத்து வீட்டில் கேட்டதை வந்து சொல்கிற மாதிரி சொன்னால் போதும்.

பெயர்களை விட்டுவிடுங்கள். ஓனா, சலோமி, மரீக்கே என்றெல்லாம் சொன்னால் குழம்பும். மாசமாக இருக்கிற பொண்ணு, கோவக்காரி, புருஷன்கிட்ட அடி வாங்குற அக்கா, பல்செட்டு வச்ச அப்பாயி, முகத்துல தழும்பு உள்ள பெரியம்மா, எழுதுற வாத்தியார் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். கால் மணி நேரத்தில் எல்லோருக்கும் ஆட்கள் பிடிபட்டுவிட்டார்கள். அதேபோல 'மன்னிப்பு' என்ற சொல். நம் பேச்சில் யாரும் "மன்னிச்சிடு"ன்னு பெண்ணிடம் சொல்வதில்லை, "அனுசரிச்சுப் போ", "பொறுத்துப் போ", "பொம்பளதான் விட்டுக்கொடுக்கணும்" என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொற்களையே போடுங்கள். கட்டாயத்தில் கொடுக்கிற மன்னிப்பை அனுமதி என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பரணில் ஒரு பேச்சு வரும். அதை நான், "நாம பொறுத்துப் போனா, சரி இன்னொரு தடவையும் செய்யலாம்னு ஆயிடாதா?" என்று சொன்னேன். ஒருத்தி பதிலே சொல்லாமல், "அதை இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

படம் வெளிறிப்போய், கிட்டத்தட்ட கறுப்பு வெள்ளை மாதிரி இருக்கும், வேண்டுமென்றேதான் நிறத்தைக் குறைத்திருக்கிறார்கள். முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் டிவி ரிப்பேர் என்று நினைத்துக்கொள்வார்கள். வன்கொடுமை நடப்பதைப் படம் காட்டாது, விடிந்த பிறகு தெரிகிறதைத்தான் சட்டென்று காட்டும். இதையும் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள், உட்கார்ந்திருப்பவர்களின் தோள் இறங்குவது கண்ணுக்கே தெரியும். சிரிக்கலாம் என்றும் சொல்லுங்கள், அந்தப் பெண்களும் நடுநடுவே விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

எங்கே நிறுத்திப் பேசுவது? நான் மூன்று இடத்தில் நிறுத்துகிறேன். ஒன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வண்டி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து கூப்பிடும் இடம். அதுவரை நூறு வருடத்துக்கு முந்தின கதை என்று நினைத்திருப்பார்கள், 2010 என்று அந்த ஒலிபெருக்கியில் கேட்டதும் கூடமே திரும்பி என்னைப் பார்த்தது.

இரண்டாவது, அடி வாங்குகிற அக்காவிடம் அவளுடைய அம்மா, அதான் பல்செட்டு அப்பாயி, மன்னிப்புக் கேட்கிற இடம். திரும்பத் திரும்பப் பொறுத்துப் போகச் சொன்னது நான்தானே என்று. இந்த இடத்தில் எதுவும் கேட்க வேண்டாம், நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். வலங்கைமான் பக்கம் வைத்தபோது ஓர் அம்மாவும் கட்டிக்கொடுத்த மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மடியில் இருந்த வெற்றிலைப் பெட்டியை எடுத்துத் திறந்து, நல்ல கொழுந்தாக ஒன்றைப் பொறுக்கி, காம்பு கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி, மகள் பக்கம் நீட்டினார். மகள் வெற்றிலை போடுகிறவள் இல்லை. வாங்கிக்கொண்டாள். நான் அப்போது வாயைத் திறந்திருந்தால் அது நடந்திருக்காது.

மூன்றாவது, பையன்களையும் கூட்டிக்கொண்டு போவதா, எந்த வயசு வரைக்கும் என்று அவர்கள் வாதாடுகிற இடம். இங்கே தாராளமாகக் கேளுங்கள், நம் வீட்டுப் பையனுக்கு எந்த வயசில் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று. பேச்சு நிற்காது.

நீங்கள் நிறுத்தாவிட்டாலும் அவர்களே நிறுத்தச் சொல்லும் இடம் ஒன்று, அந்த அப்பாயி தன் குதிரைகளைப் பற்றிச் சொல்வது. ரோட்டைக் கிட்டத்தில் பார்த்தால் பயம், தூரத்தில் பார்த்து ஓட்டினால் பயமில்லை என்று. இதைக் கேட்டதும் ஒரு பெரியம்மா, "தலையில கட்டு வச்சுக்கிட்டு வரப்புல நடக்கிறதும் அப்படித்தான், காலப் பாத்தா விழுந்துடுவோம்" என்றார்.

கடைசியாக ஓட்டு. இதை விட்டுவிடாதீர்கள், பேசாதவர்களும் கலந்துகொள்வது இதில்தான். படத்தில் வருகிற மாதிரியே மூன்று படம் வரைந்து, மூன்று சொம்புக்கு முன்னால் வையுங்கள், ஒரு புடவையைக் குறுக்கே கட்டி மறைப்பாக்கி, ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. கேள்வி, "அந்தப் பெண்கள் என்ன செய்திருக்கணும்?" என்பதாக இருக்கட்டும், "நீங்க என்ன செய்வீங்க" என்று கேட்க வேண்டாம். எண்ணி, மகளிர் குழுவின் தீர்மான நோட்டில் எழுதுங்கள், பெயர் இல்லாமல். சேமிப்பும் கடனும் வட்டியுமாக எத்தனை பக்கம் நம் பெண்களே எழுதி வைத்திருக்கிறார்கள், இதற்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். பரணில் நடந்ததை எழுத ஒரு வாத்தியார் வேண்டியிருந்தது, நமக்கு வேண்டியதில்லை.

திருத்துறைப்பூண்டியில் எண்ணியபோது பதினொரு கொட்டையில் ஒன்று எந்தச் சொம்பிலும் இல்லை. இரண்டு சொம்புக்கு நடுவில் தரையில் கிடந்தது. தவறி விழுந்தது என்று நினைத்து எடுக்கப் போனேன். "அது நான்தான் வச்சது" என்று சுவரோரம் இருந்து ஒரு குரல். "நாம எதுக்குப் போகணும்? மனை நம்ம பேர்ல இல்லன்னாலும் கல்லும் மண்ணும் சுமந்தது நாமதானே. அவன் போகட்டும். அதுக்கு இங்க படம் இல்லையே."

அவர் கேட்டது சட்டத்தில் இருக்கிறது. 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு யார் பேரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு. அடிக்கிற ஆளை அந்த வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போட முடியும், 19-வது பிரிவு. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். இதை நீங்கள் முன்னாலேயே படித்து வைத்துக்கொண்டு போங்கள், நான் அன்றைக்குத் தெரியாமல் விழித்தேன், மறுவாரம்தான் போய்ச் சொன்னேன்.

நம்பர்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112, இலவசச் சட்ட உதவிக்கு 15100, மனசு சரியில்லாதவர்களுக்கு 14416, குழந்தைகளுக்கு 1098. தாளில் எழுதிக் கொடுத்தால் வீட்டில் அகப்பட்டுக்கொள்வார்கள், 181-ஐ மட்டுமாவது எல்லோரையும் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். ஒரு குழந்தைக்கு நடந்துகொண்டிருப்பது பேச்சில் தெரிந்துவிட்டால் அது கூடத்தோடு போகிற ரகசியம் இல்லை, போக்சோ சட்டப்படி தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும். கூட்டம் தொடங்கும்போதே இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இரண்டு நாள் கழித்து, யார் ரொம்ப அமைதியாக இருந்தாரோ அவர் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். படத்தைப் பற்றிப் பேச வேண்டாம். கறிவேப்பிலை கேட்கப் போங்கள், கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போங்கள். அவர் பேசினால் உட்காருங்கள், இல்லையென்றால் கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், அடுத்த வாரம் கொத்தமல்லி கேட்கலாம்.

இப்போதெல்லாம் நான் நாலு சொம்பு வைக்கிறேன். நாலாவதுக்கு என்ன படம் போடுவது என்று அந்தத் திருத்துறைப்பூண்டிப் பெண்களே அரைமணி நேரம் வாதாடினார்கள், பூட்டு என்றார் ஒருத்தர், பஸ் என்றார் ஒருத்தர், கடைசியில் வாசற்படியும் அதற்கு வெளியே ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பும் என்று முடிவானது. நான் முதலில் வரைந்ததைப் பார்த்துவிட்டு, இது வீட்டுக்குள்ள வர்ற மாதிரில்ல இருக்கு என்று அடித்துவிட்டார்கள். நீங்கள் வரையும்போது செருப்பின் முனை தெருவைப் பார்த்து இருக்கட்டும்.